ஹ்ரின்சென்கோ அகராதி: வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். இன்றைய உக்ரைன் மொழியில் பேசவும் செய்தித்தாள் படிக்கவும் கற்பவருக்கு இந்த அகராதி உதவாது. 19-ஆம் நூற்றாண்டு உக்ரைன் கவிதை, நாட்டுப்பாடல், பழமொழி, பழைய கடிதம், கிராமத்துக் கதை ஆகியவற்றில் ஏதாவது ஒன்றைப் படித்தே ஆகவேண்டியவருக்கு இதை விட்டால் வேறு கதியில்லை.

போரிஸ் ஹ்ரின்சென்கோ தொகுத்த ‘ஸ்லோவார் உக்ராயின்ஸ்கொயி மோவி’, 1907 முதல் 1909 வரை கீவ் நகரில் நான்கு தொகுதிகளாக வெளிவந்தது. ஏறத்தாழ 68,000 தலைச்சொற்கள். நான்கும் சேர்ந்தால் இரண்டாயிரம் பக்கத்தைத் தாண்டும். ஒவ்வொரு தலைச்சொல்லிலும் அழுத்தக் குறி உண்டு. பொருள் ரஷ்யனில். அதன்பின் சான்று வரி, அந்த வரி எங்கிருந்து எடுக்கப்பட்டது என்ற சுருக்கக் குறி.

முதன்முறை புரட்டுபவர்கள் வழக்கமாகச் சொல்லும் குறைகள் இவை: உக்ரைன் மொழி அகராதியில் விளக்கம் ஏன் ரஷ்யனில்? அறிவியல், கல்வி, நிர்வாகச் சொற்கள் ஏன் இவ்வளவு மெலிவு? ஏர், மாடு, தறி, திருமணச் சடங்கு, வசவு, பழமொழி மட்டும் ஏன் நிரம்பி வழிகின்றன? எல்லாம் நியாயமான குறைகள்தான். ஆனால் பழியைத் தொகுத்தவர் தலையில் போடுவது தவறு. பாதிக்குமேல் அது தணிக்கை அதிகாரியின் கணக்கில் போகவேண்டியது. எந்தச் சொல் அச்சேறலாம், எது கூடாது என்று நாற்பது ஆண்டுகளாக அரசு வடிகட்டிய பிறகு மிஞ்சியதன் சரக்குப் பட்டியல் இது. வடிகட்டி எப்படி வேலை செய்தது என்று தெரியாமல் அகராதியைத் திறந்தால் தப்பான இடத்தில் தேடி, கிடைக்கவில்லை என்று மூடிவைப்பீர்கள்.

1863 ஜூலை 18 அன்று (இன்றைய நாட்காட்டிப்படி 30) ரஷ்யப் பேரரசின் உள்துறை அமைச்சர் பியோத்தர் வலூயெவ் தணிக்கைக் குழுக்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். தனியாக ஒரு ‘சின்ன ரஷ்ய’ (உக்ரைனுக்கு அன்றைய அரசு வைத்த பெயர்) மொழி இருந்ததில்லை, இல்லை, இருக்கவும் முடியாது என்பது அதன் புகழ்பெற்ற வாசகம். அமைச்சர் அதைத் தன் கருத்தாக எழுதவில்லை, அந்த மக்களில் பெரும்பாலோரே அப்படிச் சொல்வதாக எழுதினார் என்பதைக் கவனிக்கவேண்டும். போலந்துக் கிளர்ச்சி நடந்துகொண்டிருந்த ஆண்டு அது. உக்ரைன் மொழிப் புத்தகங்களுக்குப் பின்னாலும் பிரிவினை இருக்கும் என்று சந்தேகித்தார்கள். நடைமுறையில் ஆணை சொன்னது இவ்வளவே: இலக்கியம் அச்சிடலாம்; சமய நூல், பள்ளிப்பாடம், பாமரர் படிக்கும் தொடக்க நூல் கூடாது. அதாவது காதல் கவிதை போடலாம், வாய்பாடு போடக்கூடாது.

அகராதியில் இதன் விளைவைக் கண்ணால் பார்க்கலாம். பாடநூல் இல்லாத மொழியில் கணக்குக்கும் நிலவியலுக்கும் உடற்கூற்றுக்கும் சொல் அச்சில் வேரூன்றாது. பாட்டும் நாடகமும் கதையும் மட்டும் உள்ள மொழியில் அவற்றின் சொற்கள் காடாய் வளரும். 1897 மக்கள்தொகைக் கணக்கில் இந்த மொழியைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 2 கோடியே 23 லட்சத்துக்கும் மேல். அத்தனை பேருக்கும் ஒரு அரிச்சுவடிகூடச் சட்டப்படி அச்சிட வழியில்லை.

இரண்டாவது கதவு 1876 மே 18 அன்று (புதிய கணக்கில் 30) சாத்தப்பட்டது. இரண்டாம் அலெக்சாந்தர் ஜெர்மனியின் பாட் எம்ஸ் வெந்நீர் ஊற்று நகரில் ஓய்வில் இருந்தபோது ஒப்பமிட்டதால் இது எம்ஸ் ஆணை எனப்படுகிறது. வெளிநாட்டில் அச்சான உக்ரைன் நூல்களை உள்ளே கொண்டுவரத் தடை. மொழிபெயர்ப்புக்குத் தடை. மேடை நாடகத்துக்கும் பொது வாசிப்புக்கும் தடை. இசைக் குறியீட்டுக்குக் கீழே பாட்டு வரிகளைப் போடுவதற்கும் தடை. பழைய வரலாற்று ஆவணமும் இலக்கியமும் மட்டும் மிஞ்சின. இலக்கியத்தையும் ரஷ்ய எழுத்துக்கூட்டலில்தான் அச்சிடவேண்டும். கையோடு, புவியியல் கழகத்தின் கீவ் கிளை மூடப்பட்டது. நாட்டுப்பாடலும் வழக்காறும் சேகரித்ததுதான் அந்தக் கிளையின் முக்கிய வேலை.

1881-இல் ஆணையைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். அகராதி அச்சிட அனுமதி வந்தது, மறுபடியும் ரஷ்ய எழுத்துக்கூட்டல் என்ற நிபந்தனையோடு. எழுதப் படிக்கக் கற்பிக்கும் புத்தகம் கூடாது, ஆனால் அகராதி இருக்கலாம்! விந்தைதான். அகராதியைப் பண்டிதர்தான் வாங்குவார், குடியானவர் வாங்கமாட்டார் என்பதுதான் இதற்குப் பின்னால் இருந்த கணக்காக இருக்கவேண்டும். வரலாற்றாசிரியர் மிகோலா கொஸ்தொமாரொவ் உக்ரைன் மொழியில் மக்களுக்கான புத்தகங்கள் போட 1860-களில் திரட்டிய பணம், தடையால் செலவழியாமல் கிடந்தது. கடைசியில் அதை அறிவியல் கழகத்திடம் கொடுத்து, நல்ல அகராதி செய்பவருக்குப் பரிசாக வைத்தார்கள். பள்ளிப் புத்தகத்துக்குச் சேர்ந்த காசு அகராதிப் பரிசாக மாறியது. ஹ்ரின்சென்கோ வாங்கியது அதே கொஸ்தொமாரொவ் பரிசைத்தான், அதிலும் இரண்டாம் பரிசு.

சொல்லட்டைகளை அவர் தனியாளாகச் சேர்க்கவில்லை. 1882 முதல் ரஷ்யனில் வந்துகொண்டிருந்த ‘கியெவ்ஸ்கயா ஸ்தரினா’ என்ற வரலாற்று மாத இதழின் வட்டத்தினர் பல ஆண்டுகளாகக் குவித்துவைத்தவை அவை. 1902-இல் செர்னிஹிவ் நகரிலிருந்து அவரைக் கீவுக்கு அழைத்து வேலையை ஒப்படைத்தார்கள்; கெடு இரண்டே ஆண்டு. சொந்தமாகச் சேகரித்த சொற்களையும் சேர்த்து, மனைவி மரியாவின் துணையோடு, 1904 முடிவுக்குள் முடித்தார். வலூயெவ் சுற்றறிக்கை வந்த அதே 1863-இல் பிறந்தவர் என்பதை அவர் வாழ்க்கைக் குறிப்பு எழுதுபவர் எவரும் விடுவதில்லை.

காலதாமதம் நல்லதாகப் போயிற்று. 1904-இலேயே அச்சுக்குப் போயிருந்தால் சட்டப்படி முழு அகராதியும் ரஷ்ய எழுத்துக்கூட்டலில் வந்திருக்கும், இன்று அது அருங்காட்சியகத்துக்குத்தான் ஆகும். 1905-இல் புரட்சி வந்தது. பீட்டர்ஸ்பர்க் அறிவியல் கழகமும் ‘சின்ன ரஷ்ய’ அச்சுக்கு உள்ள தடைகளை நீக்கவேண்டும் என்று அறிக்கை கொடுத்தது. அதைத் தயாரித்த குழுவின் தலைவர் பியோதர் கோர்ஷ். தடை உதிர்ந்தது. அகராதி ஒலிப்பைப் பின்பற்றும் எழுத்துக்கூட்டலோடு, ‘உக்ரைன் மொழி’ என்ற சொல்லையே தலைப்பில் தாங்கி வெளிவந்தது. ‘ஸ்லோவார்’ என்ற சொல் மட்டும் இன்றைய காதுக்கு ரஷ்யன் போல ஒலிக்கும்; இப்போது ‘ஸ்லொவ்னிக்’ என்பார்கள். மறுபதிப்புகள் பழைய தலைப்பை மாற்றவில்லை, அதுவே சரி.

தொகுதிகளின் பிரிப்பு: முதல் தொகுதி ‘அ’ முதல் ‘ஷெ’ வரை, இரண்டாவது ‘ஸெ’ முதல் ‘என்’ வரை, மூன்றாவதில் ‘ஓ’, ‘பெ’ என்ற இரண்டே எழுத்துகள், நான்காவது ‘எர்’ முதல் ‘யா’ வரை. இரண்டு எழுத்துக்கு முழுத் தொகுதியா என்று மலைக்கவேண்டாம். ‘போ’, ‘பெரெ’, ‘ப்ரி’, ‘ப்ரோ’ என்ற முன்னொட்டுகளில் தொடங்கும் வினைகள் மட்டுமே அவ்வளவு இருக்கின்றன. பழைய புத்தகக்காரரிடம் தனித் தொகுதிகளாக வாங்குபவர்கள் முதல் தொகுதியை விடக்கூடாது. முன்னுரையும் சுருக்கக் குறிப் பட்டியலும் அதில்தான். அது இல்லாமல் மற்ற மூன்றும் பாதிக் குருடு.

ஒரு பதிவைப் படிக்கும் முறை: பெயர்ச்சொல்லானால் தலைச்சொல்லை அடுத்து ஆறாம் வேற்றுமை ஈறு, பிறகு பால் குறி. அதன்பின் ரஷ்யப் பொருள், சான்று. கடைசியில் ‘உம்.’ என்ற குறிக்குப் பின்னால் செல்ல வடிவங்கள் வரும். ‘ஹாதா’ என்றால் வீடு. ‘ஹாத்கா’, ‘ஹாதொச்கா’ என்று குழைந்துகொண்டே போகும். நாட்டுப்பாடல் படிப்பவருக்கு இந்தக் கடைசி வரிதான் உயிர். பாட்டில் வரும் பெயர்ச்சொல்லில் பாதி செல்ல வடிவத்தில்தான் இருக்கும், இன்றைய சிறு அகராதிகள் அவற்றைக் கண்டுகொள்வதில்லை. செடி கொடிகளுக்குப் பல இடங்களில் லத்தீன் பெயரும் உண்டு. தாவரம் எது என்று உறுதிசெய்ய ரஷ்யப் பெயரைவிட அதையே நம்புங்கள்.

வினைச்சொல்லில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். ஸ்லாவிய மொழிகளில் ஒவ்வொரு வினைக்கும் தொடர்வினை (செயல் தொடர்வதைச் சொல்வது), முற்றுவினை (செயல் முடிந்ததைச் சொல்வது) என்று பெரும்பாலும் இரண்டு உருவம் இருக்கும். ஹ்ரின்சென்கோ இரண்டையும் ஒரே இடத்தில் கட்டிப்போடுகிறார். ‘வித்மொவ்லியாத்தி’ என்று தொடர்வினையைத் தலைச்சொல்லாக வைத்து, ‘வித்மொவித்தி’ என்ற முற்றுவினையை அதன் பக்கத்தில் தருவார். முற்றுவினையின் இடத்துக்குப் போனால் ‘பார்க்க’ என்ற குறி மட்டும் கிடைக்கும். பொருள் இல்லை என்று முடிவுகட்டிவிடாமல் சொன்ன இடத்துக்குப் போகவேண்டும்.

சொல்லையே கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் உயிரெழுத்து மாற்றம். மூடிய அசையில் ‘ஈ’யாக இருப்பது, அசை திறந்தால் ‘ஓ’ அல்லது ‘எ’ ஆகிவிடும். நூலில் ‘கொத்தா’ என்று இருக்கும், அகராதியில் ‘கீத்’ (பூனை) என்று தேடவேண்டும். ‘ஸ்தொலா’ என்று பார்த்தால் ‘ஸ்தீல்’ (மேசை), ‘நோச்சி’ என்று பார்த்தால் ‘நீச்’ (இரவு). சொல்முதலில் வரும் ‘உ’வும் ‘வ’வும் முன்சொல்லின் ஈற்றுக்கேற்ப இடம்மாறுவது இன்னொன்று. ‘உசித்தி’, ‘வ்சித்தி’ இரண்டும் ‘கற்பி’தான். ஒன்றில் இல்லாவிட்டால் மற்றதில் பாருங்கள்.

சான்றுக்குப் பின்னால் வரும் சுருக்கக் குறிகளைத் தாண்டிப் போவது வாடிக்கை. இந்த அகராதியில் அவைதான் சரக்கின் தரச் சீட்டு. ‘ஷெவ்ச்.’ என்றால் தராஸ் ஷெவ்சென்கோ. ‘கொத்ல்.’ என்றால் கொத்லியாரெவ்ஸ்கி. அவருடைய 1798-ஆம் ஆண்டுக் கேலிக் காவியத்திலிருந்துதான் புதிய உக்ரைன் இலக்கியத்தைத் தொடங்குவது மரபு. ‘நோம்.’ என்பதை அடுத்து ஒரு எண் வரும். அது நோமிஸ் 1864-இல் வெளியிட்ட பழமொழித் தொகுப்பின் வரிசை எண். பதினாலாயிரத்துக்கும் மேற்பட்ட பழமொழிகள் கொண்டது அது. ‘சூப்.’ என்றால் பாவ்லோ சுபின்ஸ்கி தலைமையில் 1869–70-இல் நடந்த கள ஆய்வின் ஏழு தொகுதிகள். எம்ஸ் ஆணை வந்த ஆண்டிலேயே சுபின்ஸ்கியை உக்ரைனை விட்டு வெளியேற்றினார்கள் என்பதையும் நினைவில் வைக்கலாம். ஆள் போனாலும் அவர் சேர்த்த சொற்கள் அட்டைகளில் தங்கிவிட்டன.

‘ஷெலெஹ்.’ என்ற குறி மட்டும் தனியாக நின்றால் எச்சரிக்கை. அது 1886-இல் லிவிவ் நகரில் நிறைவுபெற்ற ஷெலெஹிவ்ஸ்கியின் உக்ரைன்–ஜெர்மன் அகராதி. ஒரு அகராதியிலிருந்து இன்னொரு அகராதிக்கு வந்த சொல்; வாழும் வரி ஒன்று சான்றாக இல்லை. ஆஸ்திரிய ஆட்சியில் இருந்த கலீசியாப் பகுதி வழக்காக இருக்கலாம். 19-ஆம் நூற்றாண்டுக் கீவ் கதைக்குள் அத்தகைய சொல்லை மொழிபெயர்ப்பாளர் நுழைத்தால், மதுரைக்காரர் வாயில் யாழ்ப்பாணப் பேச்சை வைத்தது போலாகும்.

சான்று இவ்வளவு ஏன் என்றும் கேட்கலாம். உக்ரைன் எழுத்தாளர்கள் சொற்களைத் தாங்களே பட்டறையில் அடித்துக்கொள்கிறார்கள், மக்கள் அப்படிப் பேசுவதில்லை என்பது அந்தக் காலத்து நிரந்தரக் குற்றச்சாட்டு. ‘அடித்த சொற்கள்’ என்றே அதற்குப் பெயர். எதிரிகள் மட்டுமல்ல, கொஸ்தொமாரொவே அதைச் சொன்னவர். ஊரும் நூலும் குறித்த சான்று வரியைவிட அதற்கு வேறு நல்ல பதில் இல்லை. இந்த எச்சரிக்கையின் விலையாகத்தான், இலக்கியச் சான்றுகளில் பெரும்பகுதி 1798-இலிருந்து 1870-கள் வரையிலான தலைமுறையைச் சேர்ந்ததாக நின்றுவிட்டது. புதிதாகப் பிறந்துகொண்டிருந்த நகரச் சொற்களும் துறைச் சொற்களும் வாசலில் நிறுத்தப்பட்டன. இது தொகுத்தவர்களின் சொந்த முடிவு, தணிக்கையின் மீது போட முடியாது, குறையாகவே எண்ணவேண்டும்.

ரஷ்யப் பொருள் பற்றி இன்னொரு வார்த்தை. உக்ரைனில் மருத்துவம் படித்துத் திரும்பிய தமிழ் மாணவர்களில் பலருக்குக் கடைத்தெரு ரஷ்யன் கொஞ்சம் வரும். அவர்களுக்கு இந்த அகராதி பாதி திறந்த கதவு. ஆபத்தும் அங்கேதான். தலைச்சொல்லை ரஷ்யனாக நினைத்துப் படித்துவிட்டு, பக்கத்தில் உள்ள பொருளைப் பார்க்காமல் போவார்கள். உக்ரைனில் ‘நெதீல்யா’ ஞாயிற்றுக்கிழமை, ரஷ்யனில் வாரம். உக்ரைனில் ‘லுனா’ எதிரொலி, ரஷ்யனில் நிலா. உக்ரைனில் ‘பான்யா’ கோயில் குவிமாடம், ரஷ்யனில் குளிக்கும் இடம். மணப்பெண்ணை ‘உரொத்லிவா’ என்று ஒரு பாட்டு புகழ்ந்தால் அழகி என்று பொருள். ரஷ்யனில் அதே சொல் அவலட்சணத்தைக் குறிக்கும். ஒரே மொழியின் கொச்சை வடிவம்தான் இது என்று 1863-இல் சொன்னவர்களுக்கு இந்த நான்கு சொற்களே போதுமான பதில்.

விளக்கங்கள் 1918-க்கு முந்தைய ரஷ்ய எழுத்துக்கூட்டலில் இருப்பதால், இன்றைய ரஷ்யன் தெரிந்தவர்களும் முதல் பத்துப் பக்கம் திணறுவார்கள். சொல்லின் ஈற்றில் ஒட்டிக்கொண்டிருக்கும் ‘யெர்’ குறியைப் பொருட்படுத்தவேண்டாம், ‘யாத்’ எழுத்தை ‘எ’ என்று படித்துக்கொள்ளுங்கள். ஒரு மாலைப் பொழுதில் பழகிவிடும்.

இதைவிடக் கடினமானது, தடைக்கால உக்ரைன் நூலைக் கையில் வைத்துக்கொண்டு இந்த அகராதியில் தேடுவது. எம்ஸ் ஆணையின்படி அச்சான நூல்களின் எழுத்துக்கூட்டலை ‘யரீஷ்கா’ என்பார்கள். ‘யெரி’ என்ற ரஷ்ய எழுத்தை அதில் திணித்ததால் வந்த பட்டப்பெயர். உக்ரைனில் இரண்டு ‘இ’ உண்டு. ஒன்று நம் ‘ஈ’ போலத் தெளிவானது, மற்றது நாக்கைச் சற்றே பின்னிழுத்துச் சொல்வது. யரீஷ்காவில் தெளிவான ஒலிக்கு ரஷ்ய ‘இ’, மங்கிய ஒலிக்கு ‘யெரி’. அதே ரஷ்ய ‘இ’ எழுத்து உக்ரைன் முறையில் மங்கிய ஒலிக்கு உரியது. ஆகவே காடு என்ற பொருளில் அச்சான ‘லீஸ்’, இன்றைய வாசகர் கண்ணுக்கு ‘லிஸ்’, அதாவது நரி என்று தெரியும். தேடுவதற்கு முன் ஈற்று ‘யெர்’ குறியைக் கழித்துவிடுங்கள், ரஷ்ய ‘இ’யைத் தெளிவான ‘இ’யாக்குங்கள், ‘யெரி’யை மங்கிய ‘இ’யாக்குங்கள், ‘யாத்’ வந்தால் அதையும் தெளிவான ‘இ’யாக்குங்கள் (ரஷ்ய விளக்கத்தில் ‘எ’ என்று படித்த அதே எழுத்துதான், உக்ரைன் வாயில் வேறு). அச்சகங்கள் எப்போதும் ஒரே ஒழுங்கில் இருக்கவில்லை. ஆக, ஒரு முறை கிடைக்காவிட்டால் இரண்டு ‘இ’யையும் மாற்றிப் போட்டுப் பார்க்கவேண்டும்.

எல்லைக்கு அப்பால் ஆஸ்திரிய ஆட்சியில் அச்சான கலீசிய நூல்களுக்குத் தந்திரம் வேறு. அங்கே இத்தகைய தடை இல்லை. ஷெலெஹிவ்ஸ்கியின் எழுத்துக்கூட்டல் 1890-களில் பள்ளிகளுக்கே வந்துவிட்டது. மெய்யெழுத்துக்குப் பின்னால் ‘யி’ எழுத்து வந்தால் அதை ‘இ’யாக்கித் தேடுங்கள். வினையிலிருந்து பிரித்து எழுதிய ‘ஸ்யா’வை வினையோடு ஒட்டுங்கள். ரஷ்யப் பேரரசுக்குள் இருந்த ஒடெசாக்காரர்கள் தங்கள் ரஷ்ய–உக்ரைன் அகராதியையே உமானெத்ஸ் என்ற புனைபெயரில் 1893–98-இல் லிவிவ் நகரில் அச்சிட்டார்கள் என்பது, எல்லையின் இரு பக்கத்துக்கும் இருந்த வித்தியாசத்தைச் சொல்லும்.

இந்த அகராதியின் தனிச்சிறப்பு ‘கெ’ எழுத்து. உக்ரைனில் ‘ஹெ’ என்ற எழுத்து நம் கிரந்த ‘ஹ’ போல மூச்சோடு ஒலிக்கும். அதன் தலையில் சிறு கொம்பு முளைத்தால் அது ‘கெ’, வல்லினம். ஹ்ரின்சென்கோ இரண்டையும் பிரித்தே வைத்தார். ‘ஹ்ராத்தி’ என்றால் விளையாடுதல், ‘க்ராத்தி’ என்றால் சிறைக் கம்பி. பித்தானுக்கு ‘குத்ஸிக்’, முகப்புத் திண்ணைக்கு ‘கானொக்’. 1933-இல் சோவியத் அரசு எழுத்துச் சீர்திருத்தம் என்ற பெயரில் கொம்பை வெட்டி, இரண்டையும் ஒன்றாக்கியது. 1990-இல்தான் எழுத்து திரும்பியது. ஆனால் 1958–59-இல் கீவ் அறிவியல் கழகம் இந்த அகராதியை மறுபதிப்பிட்டபோது புதிதாக எழுத்துக் கோக்காமல் பழைய பக்கங்களைப் படமெடுத்து அச்சிட்டது. அதனால் பள்ளியில் இல்லாத எழுத்து அரசு அச்சகத்தின் புத்தகத்தில் இருந்தது.

பதிப்பு எதை வாங்குவது? 1907–09 மூலப் பதிப்பு சேகரிப்பாளர்களுக்கு. படிப்பவர்களுக்கு 1958–59 படப்பதிப்போ 1990-களில் வந்த மறுபதிப்போ போதும். பக்கங்கள் மூலத்தோடு பொருந்தும், பழைய ஆய்வுகளில் உள்ள பக்க எண்ணை அப்படியே பயன்படுத்தலாம். படப்பதிப்பில் சில பிரதிகளில் அழுத்தக் குறி மங்கியிருக்கும். உச்சரிப்புக்காக வாங்குபவர்கள் காசு கொடுக்கும் முன் நடுப்பக்கம் ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது நல்லது.

1927–28 பதிப்பைத் தெரியாமல் வாங்கி ஏமாறவேண்டாம். செர்ஹி யெஃப்ரெமொவ், அந்திரி நிகொவ்ஸ்கி இருவரும் திருத்தி விரித்த மூன்றாம் பதிப்பு அது. சொல்வளத்தில் மூலத்தைவிடச் செழிப்பு. மூன்று தொகுதியோடு, ‘என்’ எழுத்தில் நின்றுவிட்டது. பதிப்பாசிரியர்கள் இருவரும் 1930-இல் சோவியத் அரசு கார்கிவ் நகரில் நடத்திய வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட 45 பேரில் அடங்கினார்கள். மீதித் தொகுதி எங்கே என்று விற்பவரிடம் கேட்பதில் பயனில்லை, அது வரவே இல்லை.

இணைய வடிவம் இலவசம், பெரும்பாலான தேவைக்கு அதுவே போதும். மூன்று இடத்தில் காலை வாரும். ஒன்று, மேற்காற்புள்ளி: திரையில் ஒன்றுபோலத் தெரியும் குறிகள் கணினிக்கு வேறுவேறு, சொல் கிடைக்காவிட்டால் குறியை மாற்றித் தட்டுங்கள், அல்லது அதற்கு முந்தைய பகுதியை மட்டும் தேடுங்கள். அடுத்தது அழுத்தக் குறி: இன்னொரு பக்கத்திலிருந்து சொல்லை அள்ளி ஒட்டும்போது கண்ணுக்குத் தெரியாமல் அது கூடவே வந்து தேடலைக் கெடுக்கும். மற்றது ‘கெ’: கைப்பேசியில் ‘ஹெ’ விசையைச் சற்று அழுத்திப் பிடித்தால் கொம்புள்ள எழுத்து மேலே வரும். பட வடிவிலிருந்து எழுத்தாக மாற்றிய கோப்புகளில் பழைய ரஷ்ய விளக்கங்கள் அடிக்கடி சிதைந்திருக்கும். பொருள் சந்தேகமானால் பக்கத்தின் படத்தைப் பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள்.

இதோடு ஒரு துணை வேண்டும். 1970–80-இல் பதினொரு தொகுதிகளாக வந்த விளக்க அகராதியில் ஏறத்தாழ 1,34,000 சொற்கள், பொருளும் உக்ரைனிலேயே. நவீனச் சொற்களுக்கு அங்கே போகவேண்டும். மேற்கோள்களில் கட்சி வாசனை வீசும், ‘கெ’ எழுத்து இருக்காது. சொல் பழையதா, சோவியத் காலத்தில் ஓரங்கட்டப்பட்டதா என்று அறிய இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஹ்ரின்சென்கோவில் சாதாரணமாக இருக்கும் சொல் அங்கே ‘வட்டாரம்’ என்றோ ‘வழக்கொழிந்தது’ என்றோ குறி தாங்கியிருந்தால், அந்தக் குறியை அப்படியே நம்பாமல் ஒரு கேள்வி கேட்டுவைக்கலாம்.

அகராதி வந்தும் பள்ளி வரவில்லை. தொடக்கப் பள்ளியில் உக்ரைன் மொழி வேண்டும் என்று 1908-இல் தூமா என்ற ரஷ்ய நாடாளுமன்றத்தின் 37 உறுப்பினர்கள் கையெழுத்திட்டுக் கொடுத்த மசோதா கரைசேரவில்லை. ஹ்ரின்சென்கோ தலைவராக இருந்த கீவ் ‘ப்ரொஸ்வித்தா’ கல்விச் சங்கத்தை 1910-இல் அரசு மூடியது. அதே ஆண்டு மே மாதம் இத்தாலியில் அவர் இறந்தார். கடைசித் தொகுதி வெளிவந்து ஓராண்டு ஆகியிருந்தது.

நான்காம் தொகுதியின் கடைசிப் பக்கங்களை யாரும் சொல்லித்தருவதில்லை என்பதால் இங்கே குறிப்பிடவேண்டும். ஞானஸ்நானப் பெயர்களின் பட்டியல் ஒன்று அங்கே இருக்கிறது. பேரரசுக் காலத்துத் தேவாலயப் பதிவேடுகள் ரஷ்யனில் எழுதப்பட்டதால் வீட்டில் ‘மிகோலா’ என்று அழைக்கப்பட்டவர் ஏட்டில் ‘நிக்கொலாய்’ ஆவார். ‘ஒலேனா’ ‘யெலேனா’ ஆவாள், ‘ஹான்னா’ ‘ஆன்னா’ ஆவாள். குடும்ப வரலாறு தேடுபவர்கள் கடிதத்தில் உள்ள பெயரும் பதிவேட்டில் உள்ள பெயரும் ஒரே ஆளா என்று குழம்பினால் அந்தப் பட்டியலைத் திறக்கலாம். செல்ல வடிவங்களும் அதிலேயே கிடைக்கும்.